எண்ணெய்க் குற்றம்

மார்ச் 3

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. உங்கள் நலத்தில் எனக்கு ஆவல் எதுவும் இல்லை. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருந்தால் அதுவும் சரிதான். கிழிக்காமல் படிக்கிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

உங்கள் வீட்டை விட்டு வந்த இந்த இரண்டு வருஷமாக அக்கரைத் துறைமுகத்தில் ஒரு படகு மோட்டார் பட்டறையில் இருக்கிறேன். முதலில் போல்ட்டு கழுவினேன். இப்போது கழற்றிப் பூட்டவும் விடுகிறார்கள். முதலாளிக்குப் பட்டப்பெயர் சிக்கனம். கிழிந்த கேஸ்கெட்டைக்கூடத் தடவிக் கொடுத்து மறுபடி போடுகிற மனுஷன். அவருக்குக் கண் ஆபரேஷன், ஆறு வாரத்துக்குப் பட்டறைப் பக்கம் வரமாட்டார். இந்த நேரம் பார்த்து ஓவர்ஹாலுக்கு ஒரு மோட்டார் என் தலையில் விழுந்திருக்கிறது. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுகிற பழைய டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், உங்கள் அண்ணன் வைத்திருந்த அதே ரகம். ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் வருவேனா என்கிறது. காலை முட்டுக் கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தால்தான் அரைச் சுற்று சுற்றுகிறது. காரணம் தெரியவில்லை.

இந்த ரகத்தை நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றுவீர்கள் என்று ஊரே சொல்லும். நடுவழியில் மோட்டார் இறுகி நின்று, நீரோட்டம் படகைத் தடுப்புக் கல்லில் மோதி, உங்கள் அண்ணன் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள், படகுச் சங்கத்து விசாரணையில் எழுந்து நின்று சொன்னீர்களே, "பெட்ரோல்ல எண்ணெய் கலக்கலை. தினமும் அண்ணிதான் கலப்பாங்க" என்று. அந்த இரண்டு வரியில் என் வீடு போயிற்று. புருஷனைக் கொன்றவள் என்ற பேர் வந்தது. அந்த வாயால் இந்த ஒரு வேலையையாவது காப்பாற்றிக் கொடுங்கள்.

போன் வேண்டாம். போனில் பேசினால் கத்திவிடுவேன். எழுத்தில், ஒவ்வொன்றாக, புரியும்படி எழுதுங்கள்.

உங்கள் அண்ணன் மனைவி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. மூன்று முறை படித்தேன். அம்மாவிடம் காட்டவில்லை. உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். என்னை எந்நாளும் "வாடா, போடா" என்று கூப்பிட்டவர் இப்போது "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

வேலைக்கு வருகிறேன். இப்போது சங்கத்துப் படகு அத்தனைக்கும் நான்தான் மெக்கானிக். நான் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு படகும் துறையை விட்டுக் கிளம்பாது. பெருமைக்குச் சொல்லவில்லை. நான் சொல்வதை நம்பலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மோட்டார் கனமாகச் சுற்றுகிறது என்றதும் எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பாதீர்கள். குற்றம் மேல் வீட்டிலா, கீழ் வீட்டிலா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு மேலே இருக்கிற ஃபிளைவீலைக் கையால் சுற்றுங்கள். பிளக் இல்லாவிட்டால் உள்ளே காற்று அமுங்காது. அதோடு லேசாகிவிட்டால் பெரிய வியாதி இல்லை. வலப்பக்கம் மட்டும் சுற்றுங்கள். இடப்பக்கம் சுற்றினால் தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை மடங்கிப்போகும்.

பிளக் எடுத்த பிறகும் கனம் என்றால், கியரும் புரொப்பெல்லரும் இருக்கிற கீழ்க்காலைப் பிரித்துவிடுங்கள். நீள ஷாஃப்டோடு அப்படியே இறங்கிவிடும். பிறகு மேல்பாகத்தைத் தனியாக, கீழ்ப்பாகத்தைத் தனியாகச் சுற்றிப் பாருங்கள். மாமியார் மருமகள் சண்டையில் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டால்தானே உண்மை வரும்.

கடைசியாக அந்த மோட்டாரில் கை வைத்தது யார், என்ன சொன்னான் என்று படகுக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

தங்கள் கொழுந்தன்


மார்ச் 19

தம்பிக்கு,

மாமியார் மருமகள் நகைச்சுவையை ரசித்தேன். நம் வீட்டில் யாரையும் யாரும் தனியாகக் கேட்கவில்லை. ஒருத்தர் சொன்னார், எல்லோரும் கேட்டார்கள், அவ்வளவுதான். எண்ணெய் அளக்கிற குவளையை உங்கள் அம்மா என் மேல் வீசியதும் அந்த விசாரணை மேசையிலிருந்து எடுத்துத்தான். உங்கள் அண்ணன் ஆணியால் கோடு கீறி வைத்த குவளை. நெற்றியில் பட்ட இடம் ஆறிவிட்டது, விசாரித்ததாக வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதிய வரிசையிலேயே செய்தேன். பிளக் இரண்டையும் எடுத்தேன், கனம் குறையவில்லை. கீழ்க்காலை இறக்கினேன். அதன் ஷாஃப்டை இரண்டு விரலால் சுற்ற முடிகிறது. மேல்பாகம்தான் பிடிவாதம் பிடிக்கிறது. சுற்றிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் இன்னும் இறுகி, பிறகு கொஞ்சம் விடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம்தான்.

படகுக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். ஓவர்ஹால் முடிந்து வாங்கிய அன்றே கயிறு கனமாக இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னாராம். "புது ரிங்குல்ல, ஓட ஓட இளகிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். இரண்டு நாள் கழித்து மறுபடி போயிருக்கிறார். மறுபடியும் அதே பதில். மெக்கானிக் நல்ல கைக்காரன்தானாம், ஆனால் தலைக்கனம். ஆறாவது நாள் மோட்டார் நின்றுவிட்டது.

அடுத்து எதைத் திறக்க?

உங்கள் அண்ணன் மனைவி


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. காய்ச்சல் என்று எழுத நினைத்தேன். காய்ச்சல் இல்லை. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், அவ்வளவுதான். எழுதிக் கிழித்த தாள் மட்டும் ஒரு கூடை இருக்கும்.

ரிங் ஓட ஓட இளகும் என்பது உண்மைதான். ஆனால் ரிங்கின் கனம் சுற்று முழுக்க ஒரே மாதிரி இருக்கும். ஒரே இடத்தில் இறுகிப் பிறகு விட்டால் அது ரிங் இல்லை. அப்படிச் சொன்னவன் எழுந்து வந்து ஒரே ஒரு தடவை கையால் சுற்றிப் பார்த்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். எழுந்து வரவில்லை.

இப்போது சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுங்கள். இரண்டு சிலிண்டரின் உட்சுவரும் தெரியும். பெட்ரோலில் எண்ணெய் கலக்காமல் ஓடிய மோட்டார் என்றால் அந்தச் சுவர் பொய் சொல்லாது. பூனை பிராண்டியது போல மேலிருந்து கீழாகக் கோடு விழுந்திருக்கும். பிஸ்டன் ஓரத்தில் அலுமினியம் உருகித் தீற்றியிருக்கும். எண்ணெய் சரியாக இருந்திருந்தால் சுவர் கண்ணாடியாக இருக்கும். இரண்டும் கெட்டான் என்று நடுவில் ஒன்றும் கிடையாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஹெட்டைத் தனியாகத் திறக்காதீர்கள். வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறங்கள். பார்ப்பதை இரண்டு பேராகப் பாருங்கள்.

தங்கள் கொழுந்தன்


ஏப்ரல் 15

தம்பிக்கு,

இரண்டு பேராகத்தான் பார்த்தோம். மேல் சிலிண்டரில் ஒரு கோடு இல்லை. கீழ் சிலிண்டரிலும் இல்லை. விரலை விட்டுத் தடவினேன், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. பிஸ்டன் ஓரமும் சுத்தம்.

எனக்கு ஒரு வரி வேண்டும். இது எண்ணெய்க் குற்றமா, இல்லையா? படகுக்காரர் வீட்டில் இதை வைத்துத்தான் சண்டை. சுற்றி வளைக்காமல், கையெழுத்தோடு எழுதுங்கள். அப்படியே மேல்பாகத்தில் அடுத்து எங்கே கை வைப்பது என்றும் எழுதுங்கள்.

உங்கள் அண்ணன் மனைவி


ஏப்ரல் 24

அண்ணிக்கு,

இது எண்ணெய்க் குற்றம் இல்லை. எண்ணெய் கலந்தவர் சரியாகத்தான் கலந்திருக்கிறார். எந்தச் சபையில் கேட்டாலும் இதையே சொல்வேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது.

இனிக் கிராங்க் பெட்டியைத் திறங்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற இரண்டு ராடும் தெரியும். ஒவ்வொரு ராடின் அடியிலும் கிராங்கைக் கவ்விப் பிடிக்கிற அரைவட்டத் துண்டு ஒன்று இரண்டு போல்ட்டில் நிற்கும். அதை நாங்கள் கேப் என்போம். முதலில் மேல் ராடின் கேப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஃபிளைவீலைச் சுற்றுங்கள். கனம் அப்படியே இருந்தால் அதை இறுக்கிவிட்டுக் கீழ் ராடுக்கு வாருங்கள். எந்தக் கேப்பைத் தளர்த்தியதும் மோட்டார் சட்டென்று லேசாகிறதோ அதுதான் குற்றவாளி.

இந்த ரகத்தில் ராடையும் கேப்பையும் ஒன்றாகப் பூட்டி ஒரே கடைசலில் கடைந்து, பிறகுதான் பிரிக்கிறார்கள். அதனால் ஒரு ராடின் கேப் இன்னொரு ராடுக்குச் சேராது. அதே ராடிலும் பக்கம் மாற்றி வைத்தால் சேராது. ஆனால் போல்ட் ஏறிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே மயிரிழை அளவு படி விழும். அந்தப் படி பேரிங்கின் ஊசிகளைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு வாரம் ஓடும், பிறகு சூட்டில் இறுகி நிற்கும். ஆறிய பிறகு கனமாகச் சுற்றும், நீங்கள் எழுதியிருப்பது போல. ராடு இப்போது புதிதாக வருவதில்லை, கேப் தொலைந்தால் அந்த மோட்டார் தீர்ந்தது.

கழற்றும் முன் ராடிலும் கேப்பிலும் ஒரே பக்கத்தில் பஞ்ச் என்கிற குத்துளியால் தட்டிக் குறி போட வேண்டும். குறி போடாமல் கேப்பைக் கழற்றுகிறவன் மெக்கானிக் இல்லை. அவன் கையில் ஸ்பானர் கொடுக்கக் கூடாது.

தங்கள் கொழுந்தன்


மே 5

தம்பி,

இனி நீ என்றே எழுதுகிறேன். பாசத்தில் இல்லை. "நீங்கள்" என்பது வேலை வாங்கும் வரைதான், வேலை முடிந்துவிட்டது.

மேல் ராடு கேப்பைத் தளர்த்தினேன், கனம் குறையவில்லை. கீழ் ராடு கேப்பில் போல்ட்டு கால் சுற்றுத் தளர்ந்ததோ இல்லையோ, ஃபிளைவீல் ஒரு விரலுக்குச் சுற்றியது. கழற்றிப் பார்த்தேன். கேப் பக்கம் மாறி இருக்கிறது. ஊசிகள் நீலம் பாய்ந்து நசுங்கிக் கிடக்கின்றன. குறி எதுவும் இல்லை. நீ எப்போதிலிருந்து குறி போடுகிறாய், தம்பி? அந்தக் காலத்தில் கழற்றியதைத் துணியில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு, "என் கண்ணே பஞ்ச்" என்று சொல்லித் திரிந்தவன்தானே நீ.

சிக்கனத்துக்குக் கண் ஆபரேஷன் எல்லாம் இல்லை. அவருக்குக் கழுகுக் கண். ஒரு மத்தியானத்தில் திறந்து காட்டுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். இதை ஒருத்தன் வாயால்தான் திறக்க வேண்டும் என்றேன். படகுக்காரர் என்று யாரும் இல்லை. இது உன் அண்ணன் மோட்டார், நீ ஓவர்ஹால் செய்து கொடுத்தது. "அந்தச் சனியனையும் தூக்கிக்கிட்டுப் போ" என்று உன் அம்மா சொன்னாளே, தூக்கிக்கொண்டுதான் வந்தேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று ஊரில் நானே கிளப்பிவிட்டது. இரண்டு வருஷம் சாக்கில் சுற்றி என் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். உன் வாயைத் திறக்க வைக்க எனக்கு நாலு தபால் தலைகூட ஆகவில்லை.

இதையும் கேள். ஹெட்டைத் திறக்கும் முன் மூன்று முறை ஸ்பானரைக் கீழே வைத்தேன். அந்தச் சுவரில் ஒரு கோடு, ஒரே ஒரு கோடு இருந்திருந்தால் நான்தான் அவரைக் கொன்றவள். நீ சொன்னதை ஊர் நம்பியது பெரிதில்லை. நானும் பாதி நம்பினேன். அன்று காலை எண்ணெயை ஊற்றினேனா, ஊற்றியதாக நினைத்தேனா என்று இரண்டு வருஷம் என் கையையே முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் உன்னைச் சும்மா விடமாட்டேன். கேப் மாறிப்போவது பிசகு. பிசகு யாருக்கும் வரும். நீ அடுத்துச் செய்தது பிசகு இல்லை.

மோட்டாரை, கேப்பை இருந்தபடியே வைத்துப் பூட்டி, சரக்குப் படகில் சங்கத்து அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். உன் கடிதங்களின் நகல் சங்கத் தலைவருக்குத் தனி உறையில் போகிறது. அசல் என்னிடம் இருக்கிறது. மே 18 கூட்டத்தில், அத்தனை படகுக்காரர்களுக்கும் முன்னால், உன் கடிதங்களை நீயே வாசித்து, வாசித்த வரிசையில் நீயே அந்த மோட்டாரைத் திறக்க வேண்டும். உன் அம்மா முன்வரிசையில் உட்கார வேண்டும். நீ செய்யாவிட்டால் சிக்கனம் வந்து செய்வார், நான் வாசிப்பேன். என் குரல் உனக்குத் தெரியும்.

முடிந்ததும் இரண்டு பொருள் எனக்கு வர வேண்டும். அந்தக் கேப். அந்தக் குவளை.

உன் அண்ணன் மனைவி


மே 23

அண்ணிக்கு,

செய்துவிட்டேன். கடிதங்களை வாசித்த வரிசையிலேயே செய்தேன். பிளக் எடுத்தேன், கீழ்க்காலை இறக்கினேன், ஹெட்டைத் திறந்தேன். அம்மா எழுந்து வந்து சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினாள். விரலைப் பார்த்தாள், முகர்ந்தாள். மறுபடி போய் உட்கார்ந்துவிட்டாள். கீழ் ராடு கேப்பைத் தளர்த்தியதும் ஃபிளைவீல் ஒரு விரலுக்குச் சுற்றிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. குறி போடாதவன் கையில் ஸ்பானர் கொடுக்கக் கூடாது என்ற வரியை வாசித்துவிட்டு ஸ்பானரைத் தலைவர் மேசையில் வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டார். சீட்டுப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டார்.

நீங்கள் ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறீர்கள். "புது ரிங்குல்ல" என்ற வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் பதில் எழுத மூன்று வாரம் ஆயிற்று. எண்ணெய் இல்லாவிட்டாலும் சில சமயம் கோடு விழாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். அதையும் எழுதிப் பார்த்தேன். பிறகுதான் உள்ளதை எழுதினேன்.

கூட்டத்தில் வாசிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படகு கரைக்கு வந்த அன்று பெட்ரோல் டேங்கை நான்தான் திறந்து முகர்ந்தேன். எண்ணெய் வாசம் அடித்தது. தெரிந்துதான் இல்லை என்று சொன்னேன். இரண்டாவது முறை அண்ணன் வந்து, "கயிறு இன்னும் கனமாத்தான்டா இருக்கு, ஒரு தடவை வந்து பாரேன்" என்றபோது டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிவிடும் என்று எழுந்து போகவில்லை.

அம்மா என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள். ஒரே ஒரு முறை பேசினாள். "ரெண்டு வருஷமா அவ பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூத்தினேன். அந்த மண்ணை இப்ப எங்கடா கொண்டுபோய்ப் போடுவேன்" என்றாள். உங்களுக்கு எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.

கேப்பும் குவளையும் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. ஒரு வேண்டுதல். கேப்பைத் திருப்பி அனுப்புங்கள். புது ஊசி பேரிங் போட்டு, சரியான பக்கம் வைத்துப் பூட்டினால் அந்த மோட்டார் ஓடும். அண்ணன் மோட்டாரை ஒரு முறையாவது நான் ஒழுங்காகப் பூட்ட வேண்டும். மன்னிப்பும் கேட்கிறேன். கேட்கத் தகுதி இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன்.

தங்கள் கொழுந்தன்


மே 30

தம்பி,

பொட்டலம் வந்தது. குவளையில் அவர் கீறிய கோடு அப்படியே இருக்கிறது. எண்ணெயை அந்தக் கோடு வரை ஊற்றிப் பார்த்தேன். கை தானாக அங்கே வந்து நின்றது. அன்றும் அங்கேதான் நின்றிருக்கும். பட்டறை என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். சிக்கனம் துடைக்கப் பழைய துணி ஒன்று கொடுத்தார், அதையும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

உன் அம்மாவிடம் சொல். என் மேல் தூற்றிய மண்ணை நான் துடைத்துக்கொண்டேன், அவள் எங்கும் கொண்டுபோக வேண்டாம். அவளுக்கு நான் தருவது இவ்வளவுதான்.

உனக்கு மன்னிப்பு இல்லை. அந்த மூன்று வாரத்தில் நீ உண்மையை எழுத முடிவு செய்தாய் என்பதற்காக உன்னைப் பாராட்டச் சொல்கிறாயா? டேங்கில் எண்ணெய் வாசத்தை முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசினாயே, அப்போது முடிவு செய்திருக்க வேண்டும்.

கேப்பை அனுப்பமாட்டேன். அது இல்லாமல் அந்த மோட்டார் ஓடாது, வேறு கேப் சேராது என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்த மோட்டாரைச் சங்கத்தில் கேட்டு வாங்கி உன் பட்டறை வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் வை. வருகிறவர்கள் கயிற்றை இழுத்துப் பார்ப்பார்கள். ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். எண்ணெய் இல்லை என்று சொல்லிப் பார்.

அண்ணி